ஜனவரி கேக்

மக்கள் தொடர்பு, மூன்றாம் வருடம்.
ஆறு மாதப் பயிற்சிக்கு எனக்கு வாய்த்தது
ஏறாவூருக்கு இந்தப் பக்கம் ஒரு தையல் ஆலை,
மின்விசிறிக்கு எட்டாத ஒரு மேசை,
'நிகழ்வுகள்' என்று பெயரெழுதிய வெறும் கோப்பு.

முதல் கிழமை
பலூனுக்கு மூன்று கடையில் விலை கேட்டேன்.
பாதுகாப்பு வாரப் பதாகையில்
'ஊசி கவனம்' என்பது
'ஊழி கவனம்' என அச்சாகி வந்தது.
மூன்றாம் நாள்தான் ஒருவர் கண்டார்,
வெட்டுப் பகுதி ஆள்.
'சரியாத்தான் கிடக்கு' என்றுவிட்டுப் போனார்.

பிறகு நிரோஜன் சேர் சொன்னார்:
மாதம் ஒரு கேக். கடைசி வியாழன்
(வெள்ளி என்றால் ஜும்ஆ).
அந்த மாதம் பிறந்த எல்லாருடைய பெயரும் அதன்மேல்.
பதினைந்து நிமிடம்.
பதினாறில் லைன் ஓடவேண்டும்.

கல்லடி பேக்கரியில் சொன்னார்கள்,
இரண்டு கிலோ ஐசிங்கில் பதினாலு பெயர் நிற்கும்,
நீளப் பெயரென்றால் பத்து.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை மாதவாரியாய்ப் பிரித்தேன்.
பெப்ரவரி நாற்பது. ஓகஸ்ட் நாற்பத்தாறு.
ஜனவரி நூற்றுப் பத்து.
அதில் ஒன்றாம் திகதி மட்டும் எழுபத்தொன்று.

என் பிழை என்றுதான் நினைத்தேன்.
அழித்து மறுபடி பிரித்தேன்.
எழுபத்தொன்று.

நாலாம் லைனில் தவமலர் அக்கா
மிதியிலிருந்து கால் எடுக்காமல் சொன்னா:
'ஓடக்குள்ள பெட்டி எரிஞ்சிட்டு புள்ள.
மறுகா ஐடென்டி எடுக்கப் போனா
எப்ப பொறந்த எண்டு கேட்டாங்க.
மாரிக்குள்ள, வாவி ஏறின கிழமை எண்டா அம்மா.
அதை எழுத அந்தத் தாள்ல கட்டம் இல்ல.
ஒண்டு ஒண்டு எண்டு போட்டாங்க.'

பக்கத்து மெஷினில் றாஹிலா:
'உங்களுக்கு நெருப்பு. எங்களுக்குத் தண்ணி.'
நூலைப் பல்லால் கடித்து அறுத்தா.

மெக்கானிக் பல்தசார் மட்டும் வழி மறித்தார்,
'தங்கச்சி, நான் மெய்யாவே ஒண்டாம் திகதிதான்,
பெரியாஸ்பத்திரில, விடிய நாலு மணி.'
யாரும் நம்பவில்லை.

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை வந்தது.
விரிவுரையில் இதற்கு ஒரு பெயர்கூட உண்டு.
கேக் பட்டியலுக்கு மட்டும்,
அவரவர் தனக்கொரு நாளைத் தெரிவு செய்யட்டும்.
எழுபத்தொரு துண்டுச்சீட்டு அடித்தேன்,
ஓரத்தில் சின்னதாய் ஒரு பூவும் போட்டேன்.

மதியச் சோற்றுக்குப் பிறகு திரும்பி வந்தன.
ஒருவர்: போனஸ் வாற மாதம்.
ஒருவர்: மகள் பிறந்த நாள், அதையே எனக்கும் போடுங்க.
இருவர் ஒரே கையெழுத்தில் ஒரே திகதி,
சிரிப்புச் சத்தம் தாளிலேயே கேட்டது.
ஒன்றில் எதுவுமில்லை, மீன்குழம்புக் கறை மட்டும்.

மிச்சம் அறுபத்தாறு பேர்
01.01 என்றே எழுதியிருந்தார்கள்.
றாஹிலா அதன்கீழ் ஒரு கோடும் இழுத்து,
'இருவது வருஷமாத் தூக்கித் திரியிறன்,
இப்ப இது என்ட.
பூ வடிவாக் கிடக்கு.'

அந்தச் சீட்டை மட்டும்
நான் கோப்பில் சேர்க்கவில்லை.

ஜனவரி கடைசி வியாழன், நல்ல மழை.
பெயரே இல்லாத கேக் ஐந்து வந்தது.
கத்தி ஒன்று.
யார் வெட்டுவது என்பதில் நாலு நிமிடம் போயிற்று.
கடைசியில் பல்தசாரைத் தள்ளிவிட்டார்கள்,
'உங்கடதான் மெய்யாம், வெட்டுங்க!'
அவர் கை நடுங்கியது.
தவமலர் அக்கா தன் துண்டை
வெட்டுத்துணியில் பொதிந்து பைக்குள் வைத்தா.
பதினாறாம் நிமிடம் லைன் ஓடியது.

அறிக்கை எழுதினேன்.
பங்கேற்றோர்: நூற்றுப் பத்து.
செலவு: அனுமதித்ததைவிட ஐந்து மடங்கு, விளக்கம் இணைப்பில்.
குறைபாடுகள்:
ஒரு காற்சட்டையின் இடப் பையில் கிரீம்,
தரப் பரிசோதனையில் நிராகரிப்பு.
பிறந்தநாள்: என்ற கட்டத்தில்
திகதி கேட்டிருந்தது.
மழை என்று எழுதி, அழித்து,
சேர் கேட்டதைப் போட்டேன்.